மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

ஒஹாயோவில் நவம்பர் விடியல்.
இடுப்பு வரை ரப்பர் காற்சட்டை மாட்டி
ஓடைக்குள் நிற்கிறேன்.
தலைக்கு மேலே, தோளோடு தோள் ஒட்டிப் படுத்த
ஏழு கான்கிரீட் உத்திரங்கள்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
நேற்று நான் ஒட்டிய உணர்பட்டை,
தீக்குச்சி அகலம்.

கரையில் ரோக்சான்.
கவிழ்த்த வாளியின் மேல் அவள் மடிக்கணினி.
வாக்கி டாக்கியில் டெல்மர் யூட்ஸி கேட்கிறான்,
"வரட்டுமா?"
குவாரியில் எடைபோட்ட சீட்டு அவன் பையில்:
ஜல்லியோடு இருபத்தாறு டன்.
"வா. நடக்கிற வேகம்தான்.
இடப்பக்கச் சுண்ணாம்புக் கோட்டை விட்டுச் சக்கரம் பிசகக் கூடாது."

கல்லூரியில் வரைந்த பாலம் ஒற்றைக் கோடு.
முனைக்கொரு முக்கோணம், நடுவில் ஓர் அம்பு.
நிஜப் பாலத்துக்கு அகலம் உண்டு.
லாரி ஏறிய உத்திரம் மயிரிழை தாழ்ந்தால்
பக்கத்தில் இருப்பது "இரு, நானும்" என்று தாழும்,
அடுத்தது கொஞ்சம்,
அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம்.
கடைக்கோடியில் கிடப்பது
துஷ்டி வீட்டுக்கு வந்த தூரத்து உறவாய்
பேருக்குத் தலையசைக்கும்.
யாருக்கு எவ்வளவு என்று யாரும் பிரிப்பதில்லை.
விறைத்து நிற்பவன் தலையில் கூடுதலாய் விழும்,
அவ்வளவுதான் நியாயம்.

டெல்மர் வந்தான்.
பாலம் ஒரு முறை தொண்டையைச் செருமியது.

முப்பத்தொன்று.
எழுபத்து நான்கு.
எண்பத்தெட்டு.
மூன்று.

"மூன்றா?" என்றேன்.
"நாலாவது உத்திரம், மூன்று" என்றாள் ரோக்சான்.
"அதற்கப்புறம் இரண்டு, ஒன்று, சைபர்.
ஒயர் செத்துவிட்டது."

ஒயரை மாற்றினேன். விரல்கள் மரத்துப்போயின.
டெல்மர் பின்னுக்குப் போய் மறுபடி வந்தான்.
எண்பத்தெட்டு. மூன்று.

இந்த முறை வலப்பக்கக் கோட்டில் வரச் சொன்னோம்.
செத்ததாகச் சொன்ன நான்காவது
தொண்ணூற்றொன்று என்று உரக்கச் சொன்னது.
மூன்றாவது வாயைத் திறக்கவில்லை.

டார்ச்சை மேலே தூக்கினேன்.
இரண்டுக்கும் நடுவிலான இணைப்பு நெடுக
வெள்ளைச் சுண்ணக் கசிவு, நுனியில் துருவின் பழுப்பு.
மேலே தாரிலும் ஒரு விரிசல்,
வகிடு எடுத்ததுபோல் நேராக ஓடுவதை
நேற்றே மிதித்துக் கடந்திருக்கிறேன்.
இரும்பு அளவுகோலைச் செருகினேன்.
எட்டு அங்குலம் தடையில்லாமல் போயிற்று.

உத்திரங்களில் பழுதில்லை.
இடுக்கில் ஊற்றிய சாந்து,
ஒரு கை அகலம் கூட இல்லாதது,
பனிக்காலத்து உப்பைக் குடித்துக் குடித்துக் கரைந்துவிட்டது.
புத்தகத்துப் பங்கீட்டுக் கெழு
ஏழும் கைகோத்திருப்பதாக நம்புகிறது.
படிவத்தில் அந்தக் கட்டத்தை அடித்து
மேலே வேறொரு எண் எழுதினேன்.
கையெழுத்து கோணலாய் விழுந்தது, குளிரால்தான்.

ஒரு ஆமிஷ் குதிரைவண்டி வந்து
எங்கள் ஆரஞ்சுக் கூம்புகளுக்கு அப்பால் காத்திருந்தது.
வண்டிக்காரர் எனோஸ் ட்ரோயர்
என்ன தேடுகிறோம் என்று கேட்கவில்லை.
போகச் சொன்னோம்.
திரையில் எந்தக் கோடும் அசையவில்லை.
குளம்பொலி மட்டும் எனக்குத் தலைக்கு மேலே
ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனது.

டெல்மர் லாரியை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.
மற்ற நாட்களில் அவன் ஓட்டுவது பால் டேங்கர்,
பதினோரு வருடமாக இதே பாலத்தில், தினம் இரண்டு முறை.
"பள்ளம் இருக்குன்னு எப்பவும்
இடப்பக்கமா ஒதுங்கித்தான் போவேன்," என்றான்.
சற்று நேரம் கழித்து,
"அப்போ என்னைத் தாங்கினது எல்லாம் மூணு பேர்தானா?"

சாந்து எப்போது விட்டது என்று தெரியாது, என்றேன்.
அது உண்மை. அவனுக்கு அது போதவில்லை.
குனிந்து ஓடைத் தண்ணீரில் கை கழுவினான்,
கையில் அழுக்கு ஏதும் இல்லாமலே.

பத்து மணிக்கு எடைவரம்புப் பலகை வந்தது.
டெல்மர் லாரியைத் திருப்பி
ஒன்பது மைல் சுற்றுப்பாதையில் போனான்.
தண்ணீர் வடியும் இடுக்கின் கீழே
ரோக்சான் வாளியை நிமிர்த்தி வைத்தாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
சொட்டு விழுந்துகொண்டிருந்தது.